மஞ்சள் கோடு

இப்ரி சனையாவில் பகல் பதினொன்று.
ஹமூதின் பிக்கப் உள்ளே நுழையும்போதே
டேஷ்போர்டில் சிவப்புக் கெண்டி எரிந்துகொண்டிருந்தது,
மூக்கில் ஒற்றைச் சொட்டோடு.
பின்னால் மூன்று ஆடுகள், ஒரு கட்டுப் புல்.

ஃபஹூதில் கிளம்பும்போது இல்லை,
பாதி வழியில் மினுக்கியது,
நிறுத்தித் தொழுதுவிட்டு வந்தால் போய்விட்டது,
மறுபடி பிடித்துக்கொண்டது
என்று கைகளாலும் பாதி இந்தியிலும் சொன்னார்.

குச்சியை உருவினேன். எண்ணெய் முழு அளவு.
கறுப்புதான், ஆனால் பெட்ரோல் வாடை இல்லை.
சென்சார் பொய் சொல்கிறது என்று நினைத்தேன்.
பொய் சொல்வது
மலிவான பாகமாகவே இருக்கட்டும் என்று ஓர் ஆசை.
புதியது மூன்று ரியால். மாட்டினேன்.
கெண்டி அசரவில்லை.

அதே துளையில் முள் மீட்டரைத் திருகினேன்.
குளிர்ந்த எஞ்சினில் ஐம்பத்தைந்து.
சூடேறச் சூடேற முப்பது, பதினெட்டு.
பேரிங் தேய்ந்திருந்தால் மிதிக்க மிதிக்க முள் ஏறும்.
இது இறங்கியது.
ஒன்பதில் டாப்பெட்டுகள்
தகரத்தில் சோளம் கொட்டுவதுபோல் கத்த, அணைத்தேன்.
ஒரு சுலைமானி குடித்துவிட்டு வந்து
மறுபடி ஸ்டார்ட் செய்தால்
ஐம்பது.

இளைப்பாறினால் சரியாகிறதென்றால்
அது களைப்பில்லை.
தொண்டையில் ஏதோ இருக்கிறது.
உறிஞ்சும்போது வந்து அடைக்கிறது,
விட்டால் உதிர்கிறது.

படுத்து உள்ளே போனேன்.
ஆயில் சட்டியின் போல்ட் ஒவ்வொன்றிலும்
மஞ்சள் கோடு.
முறுக்கி முடித்ததும் பெயிண்ட் பேனாவால்
நான் போடும் கோடு.
இந்தச் சனையாவில் வேறு யாரும் போடுவதில்லை.
போன ரம்ஜானுக்கு முன், ஒழுகுகிறதென்று, இதே வண்டி.
எனக்கு மறந்துவிட்டது.
ஹமூதுக்கு மறக்கவில்லைபோல,
நேரே என்னிடம் வந்திருக்கிறார்.

சட்டியை இறக்கினால்
வடிகட்டி வலை முழுக்க நீலம்.
சிலிகான் பசை,
புழுப்புழுவாக, நூல்நூலாக.
இனி ஒழுகவே கூடாதென்ற பயத்தில் நான் அள்ளி அப்பியது.
வெளியே பிதுங்கியதைத் துணியால் துடைத்திருக்கிறேன், அழகாக.
அதே அளவு உள்ளேயும் பிதுங்குமென்று
யோசித்திருக்கலாம்.

குஞ்ஞுமோன் சேட்டன் குனிந்து பார்த்தார்.
"ஆயில் பம்ப் போச்சுன்னு எழுது. நாப்பத்தஞ்சு.
வலைய யாரு பாக்கப் போறா?"

ஆடு ஒன்று கத்தியது.
நீலத்தை உள்ளங்கையில் ஏந்தி வெளியே போனேன்.
பதின்மூன்று வருட அரபியில்
எனக்கு விலை சொல்லத் தெரியும்,
நாளைக்கு வா என்று சொல்லத் தெரியும்.
"ஹாதா கலத் மால் அனா" என்றேன்.
இந்தத் தப்பு என்னுடையது.

ஒரு துணுக்கை எடுத்து இழுத்துப் பார்த்தார்.
ரப்பர்போல் நீண்டது.
திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.
"ஆடுகளுக்குத் தண்ணீர்" என்றார்.

மரச்சீவலால் பழசைச் சுரண்டினேன்.
வலையை மூன்று முறை அலசி வெளிச்சத்தில் பிடித்தேன்.
உறிஞ்சுகுழாயின் கழுத்துக்குப் புது ஓ-ரிங்.
பசை இம்முறை ஒரே ஒரு மெல்லிய இழை.
ராத்திரி முழுக்க இறுக விட்டேன்.
காலையில் புது எண்ணெய், புது ஃபில்டர்.
எரிபொருள் ஃப்யூஸைப் பிடுங்கி வெறுமனே சுற்றவிட்டு,
முள் எழுந்த பிறகே உயிர் கொடுத்தேன்.
ஒரு மணி நேரம் வெயிலில் ஓட்டித் திரும்பி
ஐடிலில் விட்டால் இருபத்திரண்டு.
மிதித்தால் ஐம்பது.
சாவி போட்டதும் கெண்டி ஒருமுறை முகம் காட்டி
அணைந்தது.

கூலி என் சம்பளத்தில் கழிந்தது.
அந்தக் கணக்கு தீர்ந்தது.

ஆனால் அந்த நீலப் பசையை
அப்போது டஜனாக வாங்கியிருந்தேன்.
வண்டிக்கு ஒரு குழாய்.
கடை சாத்தியபின் பழைய பில் புத்தகத்தைப் புரட்டி
எண்களை ஒரு தாளில் இறக்கினேன்.
இன்னும் பதினொன்று.

முதல் எண்ணுக்கு மணி போகிறது.